ஆபீஸ் ஆங்கிலத்தில் பழிக்கு எத்தனை பெயர்? பஸ்ஸுக்கு அடியில் யார், பையைப் பிடிப்பது யார்?

'ஐ டோன்ட் வான்ட் டு த்ரோ எனிபடி அண்டர் தி பஸ், பட்...'

கிளையன்ட் காலில் இப்படி ஒரு வாக்கியம் காதில் விழுந்தால் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்கள். அந்த 'பட்'டுக்கு அப்புறம் வரப்போவது ஒருவருடைய பெயர். அது உங்கள் பெயராகவும் இருக்கலாம்.

வேலைக்குச் சேர்ந்து ஒன்றிரண்டு வருடத்தில் டெட்லைன், ஸ்டேட்டஸ் கால், அப்ரைசல் என எல்லாமே பழகிவிடும். ஆபீஸ் ஆங்கிலமும் பழகிவிடும். ஆனால் ஏதாவது சொதப்பினால் மட்டும் அதே ஆட்களிடமிருந்து வேறு ஒரு ஆங்கிலம் வெளியே வரும். பஸ், பை, இசை, நெருப்புக் கரி, கலவரச் சட்டம் என்று சம்பந்தமே இல்லாத பொருளெல்லாம் அதில் வரும். அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'பழி சுமப்பது', 'தண்டனை பெறுவது' என்று ஏறக்குறைய ஒரே அர்த்தம்தான் போட்டிருக்கும்.

சிக்கலே அங்கேதான். இந்தச் சொற்களில் சில, 'தப்பு என்னுடையதுதான்' என்கின்றன. சில, 'தப்பு என்னுடையது இல்லை, மாட்டினது மட்டும் நான்' என்கின்றன. ஒன்றுக்குப் பதில் இன்னொன்றை மெயிலில் போட்டுவிட்டால், செய்யாத தப்பை எழுத்துப்பூர்வமாக ஒப்புக்கொண்ட கதையாகிவிடும்.

அதனால் இவற்றை அகர வரிசையில் மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்டுப் பார்ப்பது நல்லது. தப்பு யாருடையது? அடி யாருக்கு? எவ்வளவு அடி?

பழி ஒரு பக்கம், பாவம் ஒரு பக்கம்

தப்பு செய்தவர் ஒருவர், மாட்டுபவர் இன்னொருவர். ஆங்கிலத்தில் இதற்குத்தான் சொற்கள் அதிகம்.

'த்ரோ அண்டர் தி பஸ்' என்றால், தன்னைக் காப்பாற்றிக்கொள்ள கூட இருப்பவரையே பலி கொடுப்பது. நம் ஊரில் 'கோத்து விட்டுட்டான்' என்போமே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. கோத்து விடுவதில் விளையாட்டும் இருக்கும். நண்பனை டீச்சரிடம் கோத்து விட்டுச் சிரிக்கலாம். பஸ்ஸுக்கு அடியில் தள்ளுவதில் விளையாட்டே கிடையாது. அது துரோகம். எதிரியை யாரும் பஸ்ஸுக்கு அடியில் தள்ளுவதில்லை. கூட நின்றவரைத்தான் தள்ளுவார்கள். 1980களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்ட இந்தத் தொடர், 2008 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில் டி.வி. விவாதங்களில் ஓயாமல் அடிபட்டது. அங்கிருந்து ஆபீஸ்களுக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது.

'ஸ்கேப்கோட்' இதைவிடப் பல நூற்றாண்டுகள் பழசு. நாம் 'பலிகடா' என்று மொழிபெயர்க்கிறோம். ஆனால் கதைப்படி அந்த ஆடு பலியாகவே இல்லை! பைபிளின் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இரண்டு ஆடுகள் வருகின்றன. ஒன்று பலியிடப்படுகிறது. இன்னொன்றின் தலையில் குரு கைகளை வைத்து, மக்களின் பாவங்களையெல்லாம் அதன் மேல் அறிக்கையிட்டு, வனாந்தரத்துக்கு ஓட்டிவிடுவார். இந்த இரண்டாவது ஆட்டுக்கு வில்லியம் டின்டேல் என்ற மொழிபெயர்ப்பாளர் 1530ல் ஆங்கிலத்தில் வைத்த பெயர்தான் ஸ்கேப்கோட். 'தப்பிப் போகும் ஆடு' என்று அர்த்தம். தமிழ் பைபிளில் இதற்கு 'போக்காடு' என்ற அருமையான சொல் இருக்கிறது.

யோசித்துப் பார்த்தால் நம் அரசு அலுவலகப் பேச்சில் வரும் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவாங்க' என்பதும் இதே காட்சிதான். பிரச்னையை யாராவது ஒருவர் தலையில் ஏற்றி, கண்ணுக்குத் தெரியாத தூரத்துக்கு அனுப்பிவிட்டால் மிச்சப் பேர் சுத்தமாகிவிடுகிறார்கள்.

'ஃபால் கை' என்பவர் மாட்டுவதற்கென்றே வைக்கப்பட்ட ஆள். 'டேக் தி ஃபால்' என்றால் இன்னொருவருக்காகப் பழியை ஏற்பது. தெரிந்தே, விரும்பியே ஏற்பதாகவும் இருக்கலாம். 'டேக் தி ராப்' என்பதும் இதன் உறவுதான். அமெரிக்கக் கொச்சையில் 'ராப்' என்றால் குற்றச்சாட்டு. அதை வாங்கிக்கொள்பவர் பெரும்பாலும் அந்தக் குற்றத்தைச் செய்யாதவர்.

'லெஃப்ட் ஹோல்டிங் தி பேக்' இன்னொரு வகை. இதில் யாரும் உங்களைத் தள்ளவில்லை, எல்லோரும் நழுவிவிட்டார்கள். கடைசியில் கையில் பையோடு நிற்பவர் நீங்கள். அமெரிக்கர்களுக்குப் பை, பிரிட்டிஷ்காரர்களுக்குக் குழந்தை: 'லெஃப்ட் ஹோல்டிங் தி பேபி'. டீமில் இரண்டு பேர் பேப்பர் போட்டுப் போய்விட, அவர்கள் பாதியில் விட்ட மாட்யூலுக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் அதற்கு இதுதான் பெயர். இதே நிலையில் பிரிட்டிஷ்காரர் 'கேரி தி கேன்' என்றும் சொல்லலாம். பல பேர் சேர்ந்து செய்ததற்கு ஒருவர் பொறுப்பேற்பது அது.

'பாஸ் தி பக்' என்றால் பொறுப்பை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது. சீட்டாட்டத்திலிருந்து வந்தது. போக்கரில் அடுத்து சீட்டுப் போட வேண்டியவர் முன்னால் ஓர் அடையாளப் பொருளை வைப்பார்கள்; அதன் பெயர் 'பக்'. சீட்டுப் போட விருப்பம் இல்லாதவர் அதைப் பக்கத்து ஆளிடம் நகர்த்திவிடலாம். அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமன் தன் மேஜையில் 'தி பக் ஸ்டாப்ஸ் ஹியர்' என்று ஒரு பலகை வைத்திருந்தார். இதற்கு மேல் தள்ள ஆள் இல்லை, கடைசிப் பொறுப்பு என்னுடையது என்று அர்த்தம். 1945ல் அவருக்கு வந்து சேர்ந்த அந்தப் பலகை செய்யப்பட்ட இடம், ஓக்லஹோமாவில் உள்ள ஒரு சீர்திருத்தச் சிறை.

தப்பு என்னுடையதுதான்

இனி வருபவை வேறு ரகம். இவற்றைச் சொன்ன நொடியில் நீங்கள் தப்பை ஒப்புக்கொண்டுவிடுகிறீர்கள்.

'ஃபேஸ் தி மியூசிக்': செய்ததற்கான விளைவை ஓடி ஒளியாமல் எதிர்கொள்வது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவிலேயே வழங்கிய தொடர். மேடை பயத்தை மீறி இசைக்குழுவின் முன் நிற்கும் நடிகரிலிருந்து வந்தது என்பார்கள். முரசு முழங்க ராணுவத்திலிருந்து வெளியேற்றப்படும் சிப்பாயிலிருந்து வந்தது என்றும் சொல்வதுண்டு. எது எப்படியோ, நம்மிடமும் திட்டு வாங்குவதற்கு 'செம பாட்டு விழுந்தது' என்ற பேச்சு இருக்கிறது. இங்கேயும் இசை, அங்கேயும் இசை. ஆனால் பாட்டு வாங்குபவர் தப்பே செய்யாதவராகவும் இருக்கலாம். 'ஃபேஸ் தி மியூசிக்' என்பவர் ஏதோ செய்திருக்கிறார் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார்.

'மை பேட்': அமெரிக்கத் தெருக் கூடைப்பந்தில், தப்பாகப் பாஸ் போட்டவர் கையைத் தூக்கிச் சொன்ன வார்த்தை. 1995ல் வந்த 'க்ளூலெஸ்' படத்தில் இடம்பிடித்துப் பரவலானது. சின்னத் தப்புக்கு மட்டும்தான் இது பொருந்தும். தப்பான ஃபைலை அட்டாச் செய்துவிட்டால் 'மை பேட்' போதும். கிளையன்ட்டின் டேட்டாபேஸை டெலிட் செய்துவிட்டு 'மை பேட்' என்றால், செய்த தப்பைவிட அந்த வார்த்தைதான் அதிகக் கோபத்தைக் கிளப்பும்.

'தட்ஸ் ஆன் மி': அதே ஒப்புதல், கொஞ்சம் பொறுப்போடு. இதைப் பெரிய தப்புக்கும் சொல்லலாம்.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. 'ஹூ இஸ் ஆன் தி ஹூக் ஃபார் திஸ்?' என்று யாராவது கேட்டால் உடனே பதற வேண்டாம். ஹூக் என்றால் தூண்டில் முள்தான். ஆனால் ஆபீஸில் அந்தக் கேள்விக்குப் பெரும்பாலும் 'இந்த வேலைக்குப் பொறுப்பு யார்?' என்றுதான் அர்த்தம். தப்பு நடக்கும் முன்பே கேட்கப்படும் கேள்வி அது. அதேபோல அவுட்சோர்சிங் பேச்சுவார்த்தைகளில் 'ஒன் த்ரோட் டு சோக்' என்று ஒன்று வரும். 'நெரிப்பதற்கு ஒரே ஒரு கழுத்து'! கேட்கவே பகீரென்று இருந்தாலும், பத்து கம்பெனிகளிடம் அலையாமல் பிரச்னை என்றால் பிடித்துக் கேட்க ஒரே ஒரு வெண்டர் வேண்டும் என்பதுதான் சொல்ல வருவது. அந்தக் கழுத்து நம் கம்பெனியுடையது என்று காண்ட்ராக்ட் போட்டிருந்தால், நெரிபடப்போகும் டீமில் நீங்களும் இருக்கலாம் என்பது வேறு விஷயம்.

குட்டிலிருந்து கல்தா வரை

மூன்றாவது கேள்வி: எவ்வளவு அடி? இதற்குக் கீழிருந்து மேலாக ஓர் ஏணி மாதிரி வரிசை இருக்கிறது.

அடிப்படி 'ஸ்லாப் ஆன் தி ரிஸ்ட்'. மணிக்கட்டில் லேசாக ஒரு தட்டு. இதைச் சொல்பவர் பெரும்பாலும் தண்டனையைக் குறைசொல்கிறார் என்பதைக் கவனியுங்கள். 'இவ்வளவு பெரிய மோசடிக்கு இவ்வளவுதானா?' என்கிற எரிச்சல் அதில் இருக்கும். 'உங்களுக்கு ஸ்லாப் ஆன் தி ரிஸ்ட்தான்' என்றால் ஆறுதல் என்று நினைத்துவிடாதீர்கள்; இன்னும் கிடைத்திருக்க வேண்டும் என்றும் அவர் நினைக்கலாம்.

அடுத்து 'ராப் ஆன் தி நக்கிள்ஸ்'. வகுப்பில் விரல் முட்டியில் ஸ்கேலால் விழுந்த அடி. நம் செய்தித் தலைப்புகளில் 'அரசுக்கு நீதிமன்றம் குட்டு' என்று வருமே, அதே எடை. அங்கே முட்டி, இங்கே மண்டை. இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளியில் குழந்தைகளை அடிப்பதைத் தடை செய்துவிட்டது. ஆனால் ஸ்கேலும் குட்டும் இரண்டு மொழிகளிலும் சொற்களாக உயிரோடு இருக்கின்றன.

அதற்கு மேலே 'ரீட் தி ரயட் ஆக்ட்'. 'இதோட நிறுத்திக்கோங்க, இல்லைன்னா நடக்கறதே வேற' என்கிற கடைசி எச்சரிக்கை. இது நிஜமாகவே ஒரு சட்டம். பிரிட்டனில் 1715ல் அமலுக்கு வந்தது. 12 பேரோ அதற்கு மேலோ கலவரமாகக் கூடினால், அதிகாரி அவர்கள் முன்னால் நின்று ஓர் அறிவிப்பைச் சத்தமாக வாசிப்பார். வாசித்து ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் மரண தண்டனை வரை போகலாம். சட்டம் போய்விட்டது, வாசிப்பது மட்டும் நிற்கவில்லை. இன்று வீக்லி மீட்டிங்கில் மேனேஜர்கள் வாசிக்கிறார்கள்.

'ஹால் ஓவர் தி கோல்ஸ்' என்றால் கடுமையாகக் கண்டிப்பது. கனன்றுகொண்டிருக்கும் கரியின் மேல் ஆளை இழுத்துச் செல்லும் பழைய சித்திரவதையிலிருந்து வந்தது. 'க்ரில்', 'ரோஸ்ட்' எல்லாம் இதே அடுப்படிக் குடும்பம். நம்மிடமும் வறுத்தெடுப்பது, காய்ச்சி எடுப்பது, தாளிப்பது உண்டு. ஆனால் நம்மிடம் இருக்கும் இன்னொரு வகை ஆங்கிலத்தில் லேசில் கிடைக்காது. திட்டுக்குக் கோயில் சொல்: 'காலையிலேயே அர்ச்சனை ஆரம்பிச்சிட்டார்', 'மண்டகப்படி நடந்தது'. வலியைக் கிண்டலாக மாற்றிக்கொள்ளும் வழி இது.

உச்சிப் படி வேலை போவது. 'கெட் தி சாக்'. அந்தக் காலக் கைவினைத் தொழிலாளிகள் தங்கள் கருவிகளைச் சாக்குப் பையில் கொண்டுவருவார்கள். முதலாளி பையைத் திருப்பிக் கொடுத்தால் கிளம்பலாம் என்று அர்த்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். நம் 'மூட்டையைக் கட்டு' இதற்கு அச்சு அசல் ஜோடி. கல்தா, சீட்டு கிழிவது எல்லாம் இதே படிதான். 'வீ ஹேட் டு லெட் ஹிம் கோ' என்று மென்மையாகச் சொன்னாலும் விஷயம் அதேதான்.

இங்கேதான் இந்தியர்கள் அதிகம் வழுக்கும் சொல் வருகிறது: ஃபயர். 'மேனேஜர் இன்னைக்கு என்னை ஃபயர் பண்ணிட்டார்' என்றால் நம் ஊரில் திட்டினார் என்று அர்த்தம். அமெரிக்கரிடம் போய் 'மை மேனேஜர் ஃபயர்ட் மி' என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். ஏணியின் நடுப்படிக்கும் உச்சிப்படிக்கும் உள்ள தூரம் அது. சாதாரணத் திட்டு என்றால் 'ஹி வாஸ் அப்செட் வித் மி' போதும். கொஞ்சம் பலமான திட்டு என்றால் 'ஐ காட் ச்யூட் அவுட்'.

இரண்டு சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள்

இதெல்லாம் வார்த்தை விளையாட்டு மட்டும்தானா? ஒரு நிஜக் கதையைப் பார்க்கலாம்.

2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் கம்பெனி மாட்டியது. அதன் டீசல் கார்களில் ஒரு சாஃப்ட்வேர் இருந்தது. காரைப் புகைப் பரிசோதனை செய்கிறார்கள் என்பதை அது கண்டுபிடித்துவிடும். அந்த நேரத்துக்கு மட்டும் மாசு குறையும். ரோட்டுக்கு வந்ததும் பழையபடி கக்கும். உலகம் முழுக்க சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இது இருந்ததாகக் கம்பெனியே ஒப்புக்கொண்டது.

அடுத்த மாதம் அதன் அமெரிக்கப் பிரிவுத் தலைவர் மைக்கேல் ஹார்ன், அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் ஆஜரானார். தனக்குத் தெரிந்தவரை இது கம்பெனி எடுத்த முடிவு இல்லை, ஓரிரு சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் ஏதோ காரணத்துக்காகச் செய்தது என்றார். கோடிக்கணக்கான கார்கள், பல வருடங்கள், ஓரிரு இன்ஜினீயர்கள்! குழுவில் இருந்தவர்களே அதை நம்பவில்லை.

பிறகு நடந்தது பதிவில் இருக்கிறது. 2017ல் ஃபோக்ஸ்வாகன் கம்பெனியே அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு, முன்பே குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்த ஜேம்ஸ் லியாங் என்ற இன்ஜினீயருக்கு 40 மாதச் சிறை. ஆலிவர் ஷ்மிட் என்ற மேனேஜருக்கு 7 வருடம். ஊழல் வெளியானதும் பதவி விலகிய உலகத் தலைமை அதிகாரி மார்ட்டின் விண்டர்கார்ன் மீது 2018ல் அமெரிக்கா குற்றம் சாட்டியது.

லியாங் அப்பாவி இல்லை, அவரே ஒப்புக்கொண்டார். ஆனால் 'ஓரிரு இன்ஜினீயர்கள்' என்ற விளக்கமும் நிற்கவில்லை. பலிகடா என்றாலே நிரபராதி என்று நாம் நினைக்கிறோம். அப்படி இருக்க வேண்டிய அவசியம் இல்லை. தப்பில் கொஞ்சம் பங்கு இருப்பவர் தலையில் முழுத் தப்பையும் கட்டுவதுதான் ரொம்ப சுலபம். அவரால் 'நான் செய்யவே இல்லை' என்று சொல்ல முடியாது. அதனால்தான் உங்கள் பங்கு எது, எது உங்கள் பங்கு இல்லை என்று பிரித்துச் சொல்லத் தெரிவது முக்கியம்.

மெயிலில் எழுதும்போது

தப்பு முழுக்க உங்களுடையது என்றால், பழமொழி தேடாமல் நேராகச் சொல்லிவிடுங்கள். 'தட்ஸ் ஆன் மி', என்ன நடந்தது, எப்போது சரியாகும். மூன்று வரி போதும்.

தப்பில் பாதி உங்களுடையது என்றால் அந்தப் பாதியை மட்டும் எழுதுங்கள். 'டெஸ்ட் கேஸில் இதை நான் விட்டுவிட்டேன். ரெக்வயர்மென்ட் மாறியது 14ஆம் தேதி மெயிலில் இருக்கிறது' என்பது போல. நல்ல மனசு காட்டுகிறேன் என்று 'ஐ வில் டேக் தி ஃபால்' என்று போடாதீர்கள். அதைப் படிப்பவருக்கு வேறு யாரையோ நீங்கள் காப்பாற்றுவதாகத் தோன்றும். அப்ரைசலில் மட்டும் அது உங்கள் தப்பாகவே பதிவாகும்.

தப்பே உங்களுடையது இல்லை என்றால், தேதியும் தகவலும்தான் உங்களுக்குத் துணை. 'ஐ வாஸ் த்ரோன் அண்டர் தி பஸ்' என்று டீம் மெயிலில் எழுதினால் அது விளக்கம் இல்லை, குற்றச்சாட்டு. தள்ளியவர் யார் என்பது அடுத்த கேள்வியாக வரும். அதற்குப் பதில் சொல்லத் தயார் என்றால் மட்டும் எழுதுங்கள். இல்லையென்றால் அதை கேன்டீனில் நண்பரிடம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

'யார்' போய் 'எப்படி' வந்தால்

இவ்வளவு சொற்களும் ஒரே கேள்வியைச் சுற்றித்தான் ஓடுகின்றன: யார்? விமானத் துறை இந்தக் கேள்வியால் ஓர் ஆபத்து இருப்பதைச் சீக்கிரமே உணர்ந்தது. தண்டனைக்குப் பயந்து விமானிகள் சின்னத் தப்புகளை மறைத்தால், அதே தப்பு அடுத்த விமானத்தில் விபத்தாகலாம். அதனால் 1976ல் அமெரிக்காவில் ஓர் ஏற்பாடு வந்தது. விமானிகள் தங்கள் தப்புகளை நாசாவிடம் ரகசியமாகத் தெரிவிக்கலாம். வேண்டுமென்றே செய்யாத விதிமீறலை அப்படித் தெரிவித்தவருக்குத் தண்டனையிலிருந்து ஓரளவு பாதுகாப்பும் உண்டு. இன்றும் அது நடைமுறையில் இருக்கிறது.

சாஃப்ட்வேர் உலகில் இதே சிந்தனைக்குப் பெயர் 'ப்ளேம்லெஸ் போஸ்ட்மார்ட்டம்'. 2012ல் எட்ஸி கம்பெனியின் ஜான் ஆல்ஸ்பா இதைப் பற்றி எழுதினார். 2016ல் கூகுளின் இன்ஜினீயரிங் புத்தகமும் இதற்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியது. சர்வர் படுத்தால் 'யார் பட்டனை அழுத்தியது?' என்று கேட்பதோடு நிற்காமல், 'ஒருவர் ஒரு பட்டனை அழுத்தினால் எல்லாமே படுத்துவிடும் நிலை எப்படி வந்தது?' என்று கேட்பது. பொறுப்பே இல்லை என்று அர்த்தம் இல்லை. தெரியாமல் செய்தவர் பயப்படாமல் நடந்ததைச் சொல்ல வேண்டும் என்பதற்கான ஏற்பாடு.

உங்கள் ஆபீஸ் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ள கடைசியாக நடந்த சொதப்பலின் மெயில்களை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதில் 'எப்படி' அதிகமா, 'யார்' அதிகமா என்று எண்ணினாலே தெரிந்துவிடும். 'யார்' அதிகம் என்றால், முக்கியமான முடிவுகள் ஃபோனில் முடிந்தாலும் 'நாம் பேசியபடி' என்று ஒரு மெயில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.